நேர்ந்துவிட்ட கிடாவும் ஊரெல்லாம் நூலும்

கார்த்திகை மழை கண்மாயை நிரப்பி ஓய்ந்த மறுவாரம், விடியலில் பூச்சிப் பொறியை எடுக்க நான் தங்கப்பாண்டி மாமாவின் தொழுவத்துக்குப் போனபோது, எங்கள் ஊர் ஆடுமாடுகளுக்கு இடையில் நூல் ஓடிக்கொண்டிருந்தது. தலைமுடியை விட மெல்லிய நூல், காய்ந்த ரத்தத்தின் நிறம், பனி இறங்கியிருந்ததால் பளிச்சென்று கண்ணுக்குத் தெரிந்தது. மாமாவின் மயிலைப் பசுவுடைய காதுமடலில் கிளம்பி, வைக்கோல் படப்பைச் சுற்றி, வேலிமுள்ளைத் தாண்டி, பக்கத்து வீட்டுச் செம்மறியின் மூக்கு நுனியில் இறங்கி, அங்கிருந்து மறுபடி கிளம்பித் தெருவுக்குப் போனது. பொறியின் குப்பிக்குள்ளிருந்தும் ஒரு கற்றை நூல் வெளியே வந்து, பிரிந்து பிரிந்து ஊரின் எல்லாத் திசைக்கும் போயிருந்தது. விளக்கைத் தேடி வந்து மருந்துத் தண்ணீரில் விழுந்த ஒவ்வொரு பூச்சியும் தான் வந்த வழியையும் சேர்த்து இழுத்துவந்து போட்டிருந்தது.

வாயில் வேப்பங்குச்சியோடு வந்த தங்கப்பாண்டி மாமா, எங்கள் பஞ்சாயத்துத் தலைவர், நூலை விரலால் சுண்டிப் பார்த்தார்.

“இது என்ன மாகாளி, உங்க ஆபீஸ்ல கட்டச் சொன்னாகளா?”

“இல்ல மாமா.”

“கரண்டு கிரண்டு வராதுல்ல?”

“வராது.”

“அப்பச் சரி,” என்று சொல்லி, குனிந்து நூலுக்கு அடியில் நுழைந்து, பால் கறக்கப் போனார்.

என் வேலை இதுதான்: ஆடுமாடுகளுக்குப் பூச்சிகள் கொண்டுவரும் நோய் எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று கவனித்து, கால்நடை டாக்டரிடம் சொல்வது. தொழுவங்களில் விளக்குப் பொறி மாட்டுவேன், குறித்துவைத்த மாடுகளிடம் மாதாமாதம் ரத்தம் எடுப்பேன், அதை ஐஸ் பெட்டியில் வைத்து டவுனுக்கு அனுப்புவேன். விலங்கியல் படித்துவிட்டு ஒப்பந்தத்தில் கிடைத்த வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதால், ஒரு பூச்சியை எண்ணிவிட்டு மறுபடி எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. தப்பாகச் சொல்லிவிட்டால் அது என்னோடு போகாது, படிக்கப் போன பிள்ளைகள் எல்லோர் மேலும் விழும் என்று பயம். எள்ளில் பாதி கூட இல்லாத ஒரு பூச்சி, கொசுவும் இல்லை ஈயும் இல்லை, அது சாணிச் சேற்றில் பிறந்து அந்தி நேரத்தில் கடித்து ஒரு செம்மறியைச் சாய்த்துவிடும் என்று நான் வீடு வீடாகச் சொன்னபோது, எல்லோரும் காபி கொடுத்துக் கேட்டுக்கொண்டார்கள், ஒருவரும் நம்பவில்லை. நூல் தெரிந்த பிறகு யாரும் காபி கொடுக்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார்கள்.

ஊர் நூலுக்குப் பழகிப்போக அதிக நாள் ஆகவில்லை. முதலில் அரிவாளால் வெட்டிப் பார்த்தார்கள். தண்ணீரை வெட்டுவதைப் போல அரிவாள் உள்ளே போய் வெளியே வந்தது, நூல் அப்படியே இருந்தது. ஒருவர் அதைச் சுற்றிக் கயிறு திரிக்கலாம் என்று பொழுதெல்லாம் உட்கார்ந்து பந்தாகச் சுற்றினார், மறுநாள் பந்து இருந்த இடத்தில் அவருடைய கைரேகை படிந்த காற்று மட்டும் இருந்தது. அதன் பிறகு அதை விட்டுவிட்டார்கள். பால்காரர் கேனோடு வரும்போது ஒரு கையால் நூலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார், மினி பஸ் டிரைவர் ஊர் எல்லையில் வேகத்தைக் குறைத்தார், பெண்கள் அதன் மேல் துணி காயப்போட முடியாது என்று தெரிந்ததும் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மட்டும் பனித்துளிகள் நூலில் ஊர்ந்து போவதைப் பார்த்து எது முந்தும் என்று பந்தயம் கட்டினார்கள்.

ஆனால் ஒரு விஷயம் யாருக்கும் எளிதாகப் பழகவில்லை. காலனி மாடும் மேலத்தெரு மாடும் ஒரே இடத்தில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதற்காகவே கண்மாயில் இரண்டு படித்துறை கட்டிய ஊர் எங்களுடையது, இப்போதும் இரண்டு படித்துறையும் இருக்கின்றன, அந்த இரண்டு பக்கத்து மாடுகளுக்கும் நடுவில்தான் நூல் எல்லாவற்றையும் விட நெருக்கமாக, பாய் முடைந்ததைப் போல, போயும் வந்தும் கிடந்தது. தங்கப்பாண்டி மாமாவின் மயிலைப் பசுவுக்குக் காலனியில் எத்தனை உறவு என்று ஊரே பார்த்தது. முதல் இரண்டு நாள் சிலர் அந்த வழியே போகாமல் சுற்றிப் போனார்கள். பிறகு சுற்றுப்பாதையிலும் நூல் வந்துவிட்டது.

அப்புறம் செம்மறிகள் விழத் தொடங்கின. உதடு வீங்கி, மூக்கிலிருந்து சளி கயிறாக இறங்கி, வாய் நுரைத்து, குளம்புக்கு மேல் சிவந்து, ஒவ்வொன்றும் முழங்காலில் நின்று மேயப் பார்த்தது. நீலநாக்கு நோய் என்று நான் சொன்னேன், நாக்கு எல்லா ஆட்டுக்கும் நீலமாகாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மாடுகள் ஒன்றும் ஆகாமல் நின்றன. நூல் அவற்றுக்குள் போய் வெளியே வந்தது, அவை அசைபோட்டுக்கொண்டிருந்தன.

கண்மாய்க்கு மேற்கே மேட்டுத் தரிசில் அப்போது அங்காயி கிடை போட்டிருந்தாள். சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆடு பத்திக்கொண்டு வருகிறவர்கள். ராத்திரி மந்தையை ஒரு காட்டில் அடைத்து வைத்தால் அந்த மண்ணுக்குப் புழுக்கையே உரம் என்பதால் ஊர் ஊராக அவர்களைக் கூப்பிடுவார்கள். புருஷன் பாதி மந்தையோடு கிழக்கே போயிருக்க, மீதி மந்தையை அங்காயி பார்த்துக்கொண்டிருந்தாள். மழைக்கு முன்னால் எல்லா ஆட்டையும் ஒவ்வொன்றாகக் காலுக்கிடையில் பிடித்து நானும் டாக்டரம்மாவும் தடுப்பூசி போடக் காட்டியவள் அவள்தான், ஊசி போடும்போது ஆட்டின் காதில் ஏதோ திட்டிக்கொண்டே இருந்தாள்.

ஊரில் ஆடு விழுந்தால் வெளியூர் மந்தையைத்தான் முதலில் பார்ப்பார்கள். ரேஷன் கடை வாசலில் கூட்டம் போட்டு அவளைக் கூப்பிட்டார்கள்.

“கிடையில குட்டிங்க செத்திருக்குன்னு கேள்விப்பட்டோம்,” என்றார் தங்கப்பாண்டி மாமா.

“செத்துச்சு. ஊசி போடுற வயசு வராத குட்டி. உங்க ஊரு பூச்சிதான் கடிச்சுச்சு.”

“எங்க ஊருப் பூச்சியா? நீ வாரதுக்கு முன்னாடி எங்க பூச்சி யாரையும் கடிச்சதில்ல.”

“அப்ப அது நான் வர்ற வரைக்கும் விரதம் இருந்துச்சாக்கும்.”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒருவர், நாளைக்கே மந்தையை ஓட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள் என்றார். அங்காயி அவர் பக்கம் திரும்பினாள்.

“போகச் சொன்னா போறேண்ணே. எங்க போக? நான் அடுத்த ஊரு எல்லையத் தொடுறதுக்கு முன்னாடி உங்க போனு அங்க போய் உக்காந்திருக்கும். பாதி ஆடு நிறைசினை. ஈரத் தரையில எந்த ரோட்டோரத்துல குட்டி போடச் சொல்றீக?”

நோய்மந்தை என்று பெயர் விழுந்துவிட்டால் எந்த ஊரிலும் கிடை கிடையாது, மேய்ச்சல் கிடையாது, தண்ணீர் கிடையாது, அந்த மந்தை நடந்தே கரைந்துபோகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கடைசியில் தங்கப்பாண்டி மாமா ஒரு முடிவு சொன்னார்: நூல்தான் தெரிகிறதே, பிடித்துக்கொண்டே போனால் எங்கே ஆரம்பம் என்று தெரிந்துவிடும், கிடையில் ஆரம்பித்திருந்தால் அவள் போக வேண்டும். “மாகாளி பிடிச்சுப் போகட்டும். படிச்ச பிள்ள. பொய் சொல்லாது.”

என் அம்மா சீனியம்மாள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை.

நூலைப் பிடித்துப் போவது லேசான வேலை இல்லை. ஒரு மாட்டிலிருந்து பத்து நூல் போகும், பத்து வரும். எது போவது எது வருவது என்று நூலைப் பார்த்தால் தெரியாது. பிள்ளைகளின் பந்தயத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பிடிபட்டது. பனித்துளி எப்போதும் முதலில் கடிபட்டதிலிருந்து அடுத்துக் கடிபட்டதை நோக்கியே ஊர்ந்தது. ஆகவே ஆரம்பத்தைத் தேடுகிறவள் துளிகளுக்கு எதிராக நடக்க வேண்டும், வெயில் ஏறிப் பனி காய்வதற்குள் நடக்க வேண்டும், காய்ந்த இடத்தில் ஒரு குச்சி நட்டுவிட்டு மறுநாள் விடியலில் அங்கிருந்து தொடர வேண்டும். நான் ஒரு விரலால் நூலைத் தொட்டபடி நடந்தேன், எனக்குப் பின்னால் ஊர் நடந்தது, ஊருக்குப் பின்னால் அங்காயி கையில் தொரட்டியோடு நடந்தாள்.

இன்னொன்றும் போகப்போகத் தெரிந்தது. தடுப்பூசி போட்ட ஆட்டுக்கு நூல் வந்தால், அங்கே தோலின் மேல் கடுகு அளவு முடிச்சாகி நின்றுவிட்டது, அதற்கப்பால் போகவில்லை. அங்காயியின் பெரிய ஆடுகள் உடம்பெல்லாம் முடிச்சோடு, நூல் பிரியாமல் தைத்து முடித்த துணியைப் போல நின்றன. எங்கள் ஊர் ஆடுகளிலும் பாதிக்கு மேல் அப்படித்தான் முடிச்சிட்டிருந்தன, ஊசிக்கு வயது வராததும் ஊசி பிடிக்காததும்தான் விழுந்திருந்தன. பிறகு எதன் வழியாகத்தான் இவ்வளவு நூலும் ஓடுகிறது என்று நானே குழம்பினேன். ஊசி போடாத மாடுகள் வழியாக ஓடியது புரிந்தது, மாட்டுக்கு அந்த ஊசி இல்லை. ஆனால் மாடுகளிலிருந்து துளிக்கு எதிராகப் போன நூல்கள் தொழுவங்களுக்குப் போகவில்லை. வீடுகளுக்குள் போயின.

முதலில் போனது தங்கப்பாண்டி மாமாவின் வீட்டுக்குள். முற்றத்தைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, பருத்தி போட்டு வைக்கும் பின்னறைக்குள், சாக்குகளுக்குப் பின்னால் போயிற்று. நான் வாசலில் நின்றேன். மாமா எனக்கு முன்னால் போய்ச் சாக்கை விலக்கினார். வளர்ந்த கருப்புக் கிடா ஒன்று, கழுத்தில் மஞ்சள் துணி கட்டி, எங்களை நிதானமாகப் பார்த்து நின்றது.

“இது யாருதுன்னு தெரியலையே,” என்றார் மாமா.

“உங்கதுதான். போன எலெக்ஷனுக்கு நேர்ந்தீகளே,” என்றாள் அத்தை, அடுப்படியிலிருந்தே.

கண்மாய்க்கரை மாடசாமிக்குத் தை மாதம் கொடைத் திருவிழா. நினைத்தது நடந்தவர்கள் கிடா வெட்டுவார்கள்; அதற்கென்று நேர்ந்து வளர்க்கும் கிடாவின் உடம்பில் ஒரு கீறல் இருக்கக் கூடாது, காது அறுந்திருக்கக் கூடாது, சாமிக்கு முன்னால் வேறு யாரும் அதன் ரத்தத்தைப் பார்த்திருக்கக் கூடாது. ஊசி குத்தினால் ஊனம். தடுப்பூசி போட வந்த அன்றைக்கு ஊரில் ஒவ்வொரு வீடும் எல்லா ஆட்டையும் கொண்டுவந்து காட்டிவிட்டு, ஒன்றே ஒன்றை மட்டும், தன் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு, உள்ளே ஒளித்து வைத்திருக்கிறது. அன்று விடியலிலும் மறுநாள் விடியலிலும் நூல் எங்களை வீடு வீடாகக் கூட்டிப்போயிற்று. பத்தாயத்துக்குப் பின்னால், குளியலறைக்குள், ஒரு வீட்டில் கல்யாணக் கட்டிலுக்கு அடியில், மஞ்சள் துணி கட்டிய கிடாக்கள் நின்றன. சிலதுக்கு உதடு வீங்கியிருந்தது, பலதுக்கு நூல் இன்னும் வந்து சேரவில்லை. பின்னால் வந்த கூட்டத்தின் சத்தம் வீட்டுக்கு வீடு குறைந்தது. “இன்னும் யார் வீட்டுல இருக்கோ அவுகளே கொண்டாந்திருங்களேன், காலு வலிக்குது,” என்றாள் அங்காயி.

மடைக்குப் பக்கத்தில் நூல்கள் எல்லாம் ஒரு கற்றையாகக் கூடி இரண்டாகப் பிரிந்தன. ஒன்று மேட்டுத் தரிசுக்கு, கிடைக்கு. இன்னொன்று கீழத்தெருவுக்கு. கூட்டம் நான் கேட்காமலே மேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கியது, இத்தனை வீட்டுக்குப் பிறகு அவர்களுக்கு அது தேவையாக இருந்தது.

“அங்கதான போகுது மாகாளி?” என்றார் தங்கப்பாண்டி மாமா.

நான் குனிந்து துளிகளைப் பார்த்தேன். நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தேன். கீழத்தெருவில் அந்தப் பக்கம் இருப்பது எங்கள் வீடு ஒன்றுதான். தடுப்பூசி அன்று நான் அடுத்த தெருவில் இருந்தேன், நம் வீட்டு ஆட்டுக்கெல்லாம் டாக்டரே போட்டுவிட்டார் என்று அம்மா சொன்னாள், அம்மா சொன்னதை நான் மறுபடி எண்ணிப் பார்க்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்சம் நின்றிருந்தால் போதும், துளி காய்ந்துவிடும், நாளைக்கு வேறு கற்றையைப் பிடித்துப் போகலாம். கிடை மேட்டில் அங்காயியின் சினையாடுகள் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்திருந்தது தெரிந்தது.

“துளி அங்க போகுது மாமா. அங்கருந்து வரல,” என்றேன். “வாரது இந்தப் பக்கம்.”

அம்மா முற்றத்தில் சாணி கரைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கை கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், போய் என் அறைக் கதவைத் திறந்துவிட்டாள். நான் படித்த மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் செவலைக் கிடா நின்றது. இத்தனை நாள் நான் பொறிகளுக்குக் காவலாகத் தங்கப்பாண்டி மாமா வீட்டிலேயே படுத்ததால் அந்த அறைக்குள் நுழையவில்லை. அதன் காதிலிருந்து ஊரின் அத்தனை நூலும் கிளம்பிக்கொண்டிருந்தது, ஜன்னல் கம்பியெல்லாம் நூல்.

“எதுக்கும்மா?” என்றேன்.

“நீ டிகிரி முடிச்சு வேலைக்குப் போகணும்னு நேர்ந்தது. போயிட்ட. தை பிறந்தா வெட்டணும்.” பிறகு மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: “உன் படிப்புக்கு நேர்ந்தத உன் படிப்பே வந்து குத்தணும்னு நிக்குது. நான் யாருக்குக் கணக்குச் சொல்ல?”

வெளியே பேச்சு திரும்பிவிட்டது. அப்ப சீனியம்மா கிடாதான் ஆரம்பம், அவளால்தான் எங்கள் ஆடு போச்சு என்று ஒரு குரல், அதற்குப் பின் இன்னொரு குரல். அம்மாவின் சொந்த ஆடுகளில் இரண்டு அந்த வாரம்தான் போயிருந்தன, அதை அவள் சொல்லவில்லை. அவளுக்குப் பதிலாகப் பேசியது அங்காயி.

“கண்ணு தெரியுதா உங்களுக்கு? கிடாவோட நூலு நிக்கலயே. மேல பாருங்க.”

கிடாவின் மூக்கில் இறங்கிய ஒரே ஒரு நூல், மற்ற எல்லாவற்றையும் விட மெலிந்தது, ஜன்னல் வழியாக வெளியே போய், ஓட்டுக்கூரையைத் தாண்டி, கண்மாயின் தண்ணீரைத் தாண்டி, பனைகளுக்கு மேலே ஏறி, மழை வந்த திசையில் போய்க்கொண்டே இருந்தது. துளிகள் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தன.

“போயி காத்தக் கூப்பிட்டு ரேஷன் கடை வாசல்ல வச்சு விசாரிங்க,” என்றாள்.

காற்று கொண்டுவந்திருக்கலாம் என்று நான் சொன்னேன். அதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். தெரியாது என்று ஊருக்கு முன்னால் சொன்னது அதுதான் முதல் தடவை, யாரும் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தார், ஒரு கையால் நூலைத் தூக்கிவிட்டு வண்டியை நிறுத்தினார், அவருக்கும் பழகியிருந்தது. ஏற்கெனவே நோய் கண்டதற்குத் தடுப்பூசி பிரயோஜனமில்லை, அதை வலைக்குள் கட்டி அந்தியில் புகை போடுங்கள், நூல் வராத கிடாக்களுக்கு இன்றே ஊசி போட வேண்டும், இந்தச் செவலைக் கிடாவிடமும் நூல் வந்த மற்றக் கிடாக்களிடமும் ரத்தம் எடுத்து டவுனுக்கு அனுப்ப வேண்டும், கிருமியில் எந்த வகை என்று அங்கேதான் தெரியும், தெரிந்தால் அடுத்த ஊர்கள் தயாராகும் என்றார். சாமி விஷயத்தில் தான் சொல்ல ஒன்றுமில்லை என்றும் சொன்னார்.

ஊர் அம்மாவைப் பார்த்தது. அந்த ஒரு கிடாவை ஊசி தொட்டால் எல்லாக் கிடாவையும் தொடும், அதைத் தொடவில்லை என்றால் எதையும் தொடாது என்பது யாரும் பேசாமலே முடிவாகியிருந்தது. அம்மா கிடாவின் நெற்றியைத் தடவினாள்.

“கழுத்துல கத்தி வைக்க சாமிட்ட உத்தரவு கேக்கோம்ல,” என்றாள். “ஊசிக்கும் கேட்ருவோம்.”

கிடாவை வெட்டுவதற்கு முன் அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது தலையிலிருந்து வால் வரை உடம்பைக் குலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம், குலுக்காவிட்டால் நின்று காத்திருக்க வேண்டியதுதான். அன்று பொழுது சாயும் நேரம் கண்மாய்க்கரையில் ஊர் கூடியது. இரண்டு படித்துறை ஆட்களும் வந்து நின்றார்கள், நூல் தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓட, யார் எந்தப் பக்கம் நிற்பது என்று பிரிக்க முடியாமல் கலந்து நின்றார்கள். அங்காயி தன் ஆடுகள் தெரியும் இடமாகப் பார்த்து நின்றாள். டாக்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, வேறு எங்கோ பார்ப்பதைப் போல நின்றார்.

பூசாரி ஒரு செம்பு ஊற்றினார். கிடா அசைபோட்டது. இன்னொரு செம்பு ஊற்றினார். கிடா தன் தாடியிலிருந்து சொட்டும் தண்ணீரை நக்கிப் பார்த்தது. மாடசாமிக்கு இந்த ஊசி, டாக்டர், டவுன் எல்லாம் புரிவதற்கு நேரமாகும் போல என்று யாரோ முனகினார்கள். பெண்கள் குலவை போடத் தயாராக நாக்கை வைத்துக்கொண்டு காத்திருந்து காத்திருந்து ஓய்ந்தார்கள். மூன்றாவது செம்பும் காலியாயிற்று. அம்மாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கண்மாயின் மேல் வெளிச்சம் போய்க்கொண்டிருந்த நேரம், கிடா நின்ற இடத்திலேயே தலையிலிருந்து வால் வரை ஒரு குலுக்குக் குலுக்கியது, தண்ணீர் எங்கள் எல்லோர் முகத்திலும் தெறித்தது, குலவை எழுந்தது.

நான் கிடாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அதனால் பார்த்தேன். அதன் காதின் உட்புறத்தில் ஒரு பூச்சி இருந்தது. குலுக்கியதும் அது எழுந்து பறந்தது.

“அம்மா,” என்றேன். “அது தண்ணிக்குக் குலுக்கல. பூச்சி கடிச்சது.”

“நானும்தான் பார்த்தேன்.”

“பார்த்துட்டு?”

“சொல்லணும்னு இருந்தாச் சத்தமாச் சொல்லு. எங்கிட்ட எதுக்குக் குசுகுசுங்க?”

சொன்னால் இத்தனையும் வீணாகலாம், கிடாக்கள் மறுபடி சாக்குக்குப் பின்னால் போகலாம், அங்காயி ரோட்டில் நிற்கலாம். சொல்லாவிட்டால் நூலைப் பிடித்து நான் சொன்னது எதற்கும் மதிப்பில்லை. குலவை ஓயும் வரை காத்திருந்து, பூச்சி கடித்துத்தான் குலுக்கியது என்று சத்தமாகச் சொன்னேன்.

தங்கப்பாண்டி மாமா முகத்தைத் துண்டால் துடைத்தார்.

“அது எல்லாருக்குந்தான் தெரியுது மாகாளி. அந்தா, புது நூலு ஓடுதுல்ல.” கிடாவின் காதிலிருந்து கிளம்பிய நூல் அந்தி வெளிச்சத்தில் ஈரமாக மினுங்கியபடி எங்கள் தலைகளுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. “மூணு செம்பு தண்ணி ஊத்துற வரைக்கும் கடிக்காம, இப்ப எதுக்குக் கடிச்சுது? அதச் சொல்லு.”

“தெரியாது மாமா,” என்றேன்.

“அப்ப குத்துங்கம்மா,” என்று டாக்டரிடம் சொன்னார். “அடுத்து என் கிடா.”

மறுநாள் ரத்தத்தை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போகும் பஸ்ஸில் அம்மாவும் ஏறினாள். சாமிக்கு நேர்ந்த ரத்தம் எந்த இடத்துக்குப் போகிறது, யார் கையில் சேர்கிறது என்று தான் பார்க்க வேண்டும் என்றாள். ஐஸ் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குப்பிக்குள்ளிருந்த ரத்தத்திலிருந்து ஒரு நூல் பெட்டி மூடியின் இடுக்கு வழியாக வெளியே வந்து, ஜன்னலைத் தாண்டி, எங்களுக்குப் பின்னால் ரோடு முழுக்க நீண்டுகொண்டே வந்தது. கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, லக்கேஜ் போடணுமா என்று கேட்டார், பிறகு தானே தலையசைத்துக்கொண்டு போனார்.

மேட்டுத் தரிசைக் கடக்கும்போது கிடையில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் ஆட்கள் வேப்பந்தழையும் காய்ந்த எருவும் வண்டியில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தார்கள்; அந்தக் குட்டிகளைக் கடிக்கும் பூச்சி அடுத்து தங்கள் வீட்டுக்குத்தான் வரும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். அங்காயி ஒரு சினையாட்டின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள், பஸ்ஸைப் பார்க்கவில்லை.

அடுத்த ஊரில் பஸ் நின்றது. ரோட்டைக் கடக்க வந்த பெண்கள் நூலைப் பார்த்து நின்றார்கள். அவர்கள் ஊரில் இன்னும் நூல் வரவில்லை. அவர்களில் ஒருத்தி, இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு, ஜன்னலுக்கு அருகில் வந்தாள்.

“என்னக்கா இது, எங்கருந்து வருது? அந்தக் கிடைக்காரி மந்தையிலருந்து வருதுன்னு சொன்னாகளே.”

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்வது, எங்கே ஆரம்பிப்பது, காற்றிலிருந்தா கண்மாயிலிருந்தா என்று நான் யோசிப்பதற்குள் அம்மா ஐஸ் பெட்டியை மடியில் இன்னும் கொஞ்சம் நெருக்கி அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தாள்.

“அவ மந்தை இல்ல தாயி,” என்றாள். “எங்க வீட்டுது. ஊசிக்குக் காட்டாம நான் ஒளிச்சு வச்சது. உங்க ஊருலயும் நேர்ந்த கிடா இருக்குமே, உள்ள கட்டியிருந்தா வெளிய கொண்டாந்து காட்டிருங்க.”

அந்தப் பெண் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கூட வந்தவர்கள் ரோட்டைக் கடப்பதற்காக நூலை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.